கடலுக்கு நேரம் பார்த்துப் போங்கள்

மும்பை செம்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பா தூத்துக்குடி மாவட்டம் வேம்பார் பக்கத்துக் கடற்கரைக்காரர். ஊரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பெரிதாக எதுவும் சொல்ல மாட்டாராம். மணலில் உருண்டோடும் முள் உருண்டை, விடிகாலையில் காற்று திரும்பும் நேரம், ஈர மணலில் கால் விரலால் துழாவி மட்டி எடுத்தது என்று சின்னச் சின்னதாகவே சொல்வாராம். "அப்பா போய் ஒரு வருஷம் ஆகிறது. என் மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஏழு. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜுஹுவுக்குக் கூட்டிப் போகிறேன். கூட்டமும் பேல்பூரிக் கடையும்தான் கண்ணில் படுகின்றன. அப்பா சொன்ன சந்தோஷங்கள் மும்பைக் கடலில் கிடைக்குமா? கிடைக்கும் என்றால் எதிலிருந்து தொடங்குவது?" என்பது அவர் கேள்வி.

கிடைக்கும் தம்பி. முக்கால்வாசி கிடைக்கும். சில விஷயங்களில் நம்மூரைவிட இங்கே அதிகமாகவே கிடைக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி என்று நாம் நேரம் குறித்துக்கொண்டு போனால் கிடைக்காது. இங்கே நேரத்தைக் குறிப்பது தண்ணீர். அதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

நான் வேம்பாருக்குத் தெற்கே ஒரு சின்னக் கடற்கரை ஊரில் பிறந்தவள். 1984இல் கல்யாணமாகி தாராவிக்கு வந்தேன். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி ஒன்றில் அறிவியல் டீச்சராக இருபத்தேழு வருஷம் இருந்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன். அதனால் உங்கள் அப்பா சொன்னதும் எனக்குத் தெரியும், நீங்கள் இங்கே தேடுவதும் தெரியும்.

முதலில் அந்த முள் உருண்டை. அதன் பெயர் ராவணன் மீசை. மணல்மேட்டைப் பிடித்துக்கொண்டு வளர்கிற புல் அது. இலை நுனி ஒவ்வொன்றும் ஊசி. ஆண் செடி தனி, பெண் செடி தனி. பெண் செடியின் கதிர்தான் முற்றிக் காய்ந்து, எல்லாப் பக்கமும் முள் நீட்டிய உருண்டையாகக் கழன்று விழும். பார்க்கப் பெரிதாக இருக்கும், கையில் எடுத்தால் கனமே இருக்காது. காற்று வந்தால் முள் நுனிகளிலேயே நின்று சக்கரம் மாதிரி ஓடும். ஓடுகிற வழியெல்லாம் விதையைச் சிந்திக்கொண்டே போகும். நம் கரைக்குக் கடல் கிழக்கே. ஆனி ஆடியில் மேற்கேயிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது உருண்டைகள் கடலைப் பார்த்து ஓடும். தண்ணீரைத் தொடுவதற்குள் பிடித்தால் ஜெயிப்பு. உங்கள் அப்பா இதில் எத்தனை முறை உள்ளங்கையில் முள் வாங்கியிருப்பார் என்று எனக்குத் தெரியும். மும்பைக்குள் ராவணன் மீசையை நான் பார்த்ததில்லை. அது ஒன்றைக் காட்ட பிள்ளைகளை ஊருக்குத்தான் கூட்டிப் போக வேண்டும்.

காற்று திரும்பும் நேரம் என்று அப்பா சொன்னது கடற்கரையில் தினமும் நடப்பது. ராத்திரி நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடும், கடல் மெதுவாகத்தான் குளிரும். அதனால் விடிகாலையில் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும். பகலில் நிலம் சூடேறியதும் அது கடலிலிருந்து கரைக்கு வரும். பாய் கட்டி ஓடிய காலத்தில் வள்ளங்கள் கரைக்காற்றில் போய் கடற்காற்றில் திரும்பின. ஒரு காற்று ஓய்ந்து இன்னொன்று தொடங்கும் முன் கொஞ்ச நேரம் எதுவுமே அசையாது. பனை ஓலைச் சத்தம்கூட நின்றுவிடும். என் அம்மா அந்த நேரத்தில் அடுப்புப் புகை நேராக மேலே போவதைப் பார்த்துவிட்டு, "காத்து யோசிக்குது" என்பார். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைக்கு ஒரு பெயர் எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். வாடை வந்தால் எந்த மீன், கொண்டல் வந்தால் கடல் எப்படி என்பது வீட்டுப் பேச்சு.

அப்புறம் கரைவலை. இரண்டு பக்கமும் கயிறு பிடித்து அம்பாப் பாட்டுச் சொல்லி இழுப்பார்கள். கடைசியில் வலையின் மடி கரையேறும்போது அத்தனை சாளையும் ஒன்றாகத் துள்ளும் சத்தம், தகரக் கூரையில் பெருமழை விழுவது போல இருக்கும். கூட நின்று கயிற்றைத் தொட்ட பிள்ளைக்கு ஒரு கை மீன் உண்டு. பள்ளிக்கூடம் போகும் முன் நான் சம்பாதித்த முதல் கூலி அது. பங்குனி சித்திரையில் பதநீர், வேம்பார்க் கருப்பட்டி காய்ச்சும் வாசனை... எழுத ஆரம்பித்தால் நிற்காது. உங்கள் கேள்வி மும்பையைப் பற்றியது, அதற்கு வருகிறேன்.

இங்கே வந்த முதல் இரண்டு வருஷம் நானும் உங்களைப் போலத்தான் ஏமாந்து திரும்பினேன். தாராவியிலிருந்து மாகிம் கரைக்கு நடந்தே போய்விடலாம். ஒரு நாள் போனால் தண்ணீர் சுவரில் மோதிக்கொண்டு நிற்கும். இன்னொரு நாள் போனால் கடலையே காணோம், கண்ணுக்கெட்டிய தூரம் சேறும் மணலும்தான். எனக்கு அது புதுசு. மன்னார் வளைகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது நாலு மீட்டரைத் தாண்டும், இரண்டு ஆள் உயரத்துக்கு மேல். இந்தக் கரைக்கு எதிரே கடலின் அடி, 200 கிலோமீட்டருக்கும் மேலாக ஆழமில்லாத மேடையாகக் கிடக்கிறது. ஆழ்கடலில் சாதுவாக வரும் ஓதம், அதாவது இந்த ஏற்ற வற்றம், இந்த மேடையில் ஏறும்போது உயர்ந்துவிடுகிறது. இன்னும் வடக்கே குஜராத்துக்குப் போனால் காம்பாத் வளைகுடா புனல் மாதிரி குறுகுவதால் பாவ்நகர்ப் பக்கம் 10 மீட்டர் வரைக்கும் போகிறது.

இதன் கணக்கை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் சயான் மார்க்கெட்டில் மீன் விற்ற கோலி அம்மா ஒருவர். கோலிகள் மும்பையின் பூர்வீக மீனவர்கள். நான் அவரை மாவ்ஷி, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடுவேன். அவர் கணவர் படகில் தாண்டேல். நம் தூத்துக்குடித் தோணிகளில் தலைவரைத் தண்டல் என்கிறோமே, அதே சொல். முதல் தடவை அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்குச் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. மாவ்ஷி சொன்னது இதுதான்: அமாவாசையிலிருந்தோ பௌர்ணமியிலிருந்தோ எத்தனையாவது திதி என்று பார். அதை முக்காலால் பெருக்கு. வருகிற எண்தான் கடல் நிறையும் மணி.

சதுர்த்தி என்றால் நாலு. நாலில் முக்கால் மூன்று. பகல் மூன்று மணிக்கும் ராத்திரி மூன்று மணிக்கும் ஏற்றம். நடுவே ஆறு மணி நேரம் தள்ளி, காலை ஒன்பதுக்கும் ராத்திரி ஒன்பதுக்கும் வற்றம். அஷ்டமி என்றால் எட்டு, அதில் முக்கால் ஆறு. காலை ஆறுக்கும் சாயங்காலம் ஆறுக்கும் கடல் நிறைந்திருக்கும். அமாவாசையும் பௌர்ணமியும் பன்னிரண்டு மணி, அதாவது நடுப்பகலும் நடுராத்திரியும். அரை மணி, சில நாள் ஒரு மணிகூட முன்னே பின்னே இருக்கும், ஆனால் வீட்டிலிருந்து கிளம்ப இந்தக் கணக்கு போதும். நிலா தினமும் சுமார் ஐம்பது நிமிஷம் தாமதமாக வருகிறது, தண்ணீரும் அதன் பின்னாலேயே தாமதிக்கிறது. முக்கால் மணி என்பது அதற்கு வாய்க்கணக்கு. ஏற்றத்தை இங்கே பர்தி என்பார்கள், வற்றத்தை ஓஹோட்டி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதம் உதாண். அஷ்டமியை ஒட்டிச் சோம்பிக் கிடப்பது பாங். இந்த நாலு சொல்லும் தெரிந்தால் கோலிகள் குடியிருக்கும் எந்தக் கோலிவாடாவிலும் நீங்கள் பேச ஆரம்பித்துவிடலாம்.

இப்போது உங்கள் ஜுஹு ஞாயிற்றுக்கிழமைகளை யோசித்துப் பாருங்கள். அஷ்டமியை ஒட்டிய நாளில் சாயங்காலம் போனால் மணலே கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கும், அதில்தான் அத்தனை கூட்டமும் நிற்கும். பௌர்ணமிக்கோ அமாவாசைக்கோ அடுத்த இரண்டு மூன்று நாளில் காலை ஏழு, எட்டு மணிக்குப் போங்கள். அதே ஜுஹு வேறு ஊராகத் தெரியும்.

பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் தினக் காலண்டரைக் கொடுத்து இந்தக் கணக்கைப் போடச் சொல்வேன். மறுநாள் பேப்பரில் வரும் ஓத நேரத்தோடு ஒப்பிடுவோம். ஒரு பையன், மற்றப் பாடத்தில் வாயே திறக்காதவன், ஒரு மாதத்துக்கு முழுக்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். பெரும்பாலான நாள்களில் அரை மணி வித்தியாசத்துக்குள் அடங்கியிருந்தது. அவன் முகத்தை நான் மறக்கவில்லை. 2005 ஜூலை 26 பற்றியும் அந்த வகுப்பில் சொல்வேன். அன்று சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. அதே பிற்பகலில் கடல் 4.48 மீட்டர் ஏறி நின்றது. சாக்கடைகள் கடலில் கொட்ட வழியில்லை, மித்தி ஆறு திரும்பி எங்கள் வீடுகளுக்குள் வந்தது. இந்த ஊரில் ஓத நேரம் தெரிந்திருப்பது மழைக்காலத்தில் உயிர்க் காரியம்.

சரி, தண்ணீர் வற்றியபின் என்ன பார்ப்பது? நான் எப்போதும் ஒரே ஒரு ஜீவனிலிருந்து தொடங்குவேன். ஜுஹுவிலும் கிர்காவ் சௌபாத்தியிலும் ஈர மணல் முழுக்கக் கடுகு, மிளகு அளவில் மணல் உருண்டைகள் கோலப்புள்ளி மாதிரி பரவிக் கிடக்கும். எல்லோரும் மிதித்துக்கொண்டு போவார்கள். ஓர் இடத்தில் குத்துக்காலிட்டு உட்காருங்கள். முதலில் எதுவும் தெரியாது. உங்கள் காலடி அதிர்ச்சியில் எல்லாம் குழிக்குள் போயிருக்கும். பிள்ளைகளை நூறு எண்ணச் சொல்லுங்கள், மனசுக்குள். அறுபது எழுபது வருவதற்குள் ஒரு குழியில் மணல் அசையும். சுண்டுவிரல் நகம் அளவில், மணல் நிறத்திலேயே ஒரு நண்டு வெளியே வரும். இரண்டு கையாலும் மாறி மாறி மணலை வாய்க்கு அள்ளும். மணலோடு ஒட்டியிருக்கும் நுண்ணிய பாசியையும் சத்தையும் வாய்க்குள் வடிகட்டிக்கொள்ளும். மீதி மணல் வாயின் மேல்பக்கம் உருண்டையாகத் திரளும். ஓரளவு வந்ததும் அதைக் கையால் வெட்டி எடுத்து, காலுக்கடியில் பின்னால் தள்ளிவிட்டு, ஓர் அடி நகர்ந்து அடுத்த வாய் அள்ளும். ஒருமுறை தின்ற மணலைத் திரும்பத் தின்னாமல் இருக்கத்தான் இப்படி உருட்டி ஒதுக்குகிறது.

குழிவாயிலிருந்து நேர்கோட்டில் வெளியே போய், திரும்பக் குழிக்கு வந்து, அடுத்த கோட்டில் போகும். நிழல் விழுந்தால் ஓடி ஒளிய ஒரு பாதையை மட்டும் உருண்டை போடாமல் சுத்தமாக வைத்திருக்கும். அரை மணி நேரத்தில் குழியைச் சுற்றிச் சூரியக் கதிர் மாதிரி ஒரு கோலம் வந்துவிடும். தண்ணீர் திரும்பி வரும் முன் நண்டு குழிக்குள் இறங்கி, கொஞ்சம் காற்றையும் அடைத்துக்கொண்டு, வாயை மணலால் மூடிவிடும். அலை வந்து கோலம் முழுவதையும் அழிக்கும். அடுத்த வற்றத்தில் மறுபடி முதலிலிருந்து. உங்கள் மகனுக்கு ஏழு வயது என்றீர்கள். இதற்குச் சரியான வயது. ஏழு வயதுப் பிள்ளைகள் என்னைவிட முன்னால் நண்டைப் பார்த்துவிடுவார்கள்.

பாறைக் கரை வேண்டுமென்றால் பாந்திராவின் கார்ட்டர் ரோடு, மலபார் ஹில் அடிவாரம் இருக்கின்றன. ஹாஜி அலிப் பக்கத்துப் பாறைக் குட்டைகளில் நான் பிள்ளைகளுக்குக் கடல் சாமந்தியும் பவளப்பூச்சியும் காட்டியிருக்கிறேன். கடற்கரைச் சாலைக்காகக் கல் கொட்டியபோது அந்தக் கரை மாறிவிட்டது, பவளங்கள் சிலவற்றை 2020இல் பெயர்த்து வேறு இடத்தில் ஒட்டினார்கள். எனக்கு அதில் மனவருத்தம் உண்டு. ஆனாலும் மிஞ்சியது நிறைய. மும்பைக் கரை உயிர்களைப் பதிவு செய்யும் மரைன் லைஃப் ஆஃப் மும்பை குழுவினர் 2017 முதல் வற்ற நேரத்தில் கரை நடை கூட்டிப் போகிறார்கள். முதல் தடவை அப்படிப் போவது நல்லது. பாறையில் வெறுங்காலோடு வேண்டாம். சேற்றுத் தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து இழுத்து நடக்கப் பழக்குங்கள், மணலுக்குள் படுத்திருக்கும் திருக்கை விலகிப் போய்விடும். மழைக்காலத்தில் நீல பலூன் மாதிரி கரையில் ஒதுங்கும் சொறிமீனை எடுக்க விடாதீர்கள், செத்துக் கிடந்தாலும் அதன் இழை சுடும். தண்ணீர் திரும்ப ஆரம்பித்ததும் நீங்களும் திரும்பிவிடுங்கள். தட்டையான கரையில் அது பின்பக்கமாகவும் சுற்றிக்கொண்டு வரும்.

கார்ட்டர் ரோட்டில் கரையோரமாகவே கண்டல் காடு இருக்கிறது. அலையாத்தி என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள். வெண்கண்டல் இலை ஒன்றைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். வெயில் ஏறிய பின் இலைமேல் பொடி உப்பு மின்னும். உறிஞ்சிய உப்பை மரம் இலை வழியாகக் கக்கி வைக்கிறது. நம்மூரில் அதை நாக்கில் தொட்டுப் பார்ப்போம். இங்கே தண்ணீர் அவ்வளவு சுத்தமில்லை, விரலால் தேய்த்துப் பார்த்தால் போதும், நறநறவென்று தெரியும். சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருப்பது மூச்சு வேர். காற்றில்லாத சேற்றில் நிற்கும் மரம் அது வழியாகத்தான் மூச்சு விடுகிறது. அந்தப் பென்சில்களுக்கு நடுவே தண்ணீருக்கு வெளியே துள்ளி நடக்கும் மீன் இருக்கும், கண் இரண்டும் தலை உச்சியில். பக்கத்திலேயே ஒரு கை மட்டும் உடம்பளவு பெருத்த நண்டு, அந்தக் கையை ஆட்டி ஆட்டிப் பெண்ணைக் கூப்பிடும். ஆணுக்கு மட்டும்தான் அந்தப் பெரிய கை.

நீங்கள் செம்பூர்க்காரர், அதனால் பூநாரை உங்களுக்குப் பக்கத்து வீடு. நவம்பரிலிருந்து மே வரை தாணே ஊர்க் கழிமுகத்தில் ஆயிரக்கணக்கில் நிற்கும். 2015இல் அந்த இடத்தைச் சரணாலயமாக்கினார்கள், 2022இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஐரோலியிலிருந்து வனத்துறை படகில் கூட்டிப் போகிறது. அங்கேயும் படகு நேரத்தைத் தீர்மானிப்பது ஏற்றம்தான். கரையிலிருந்து பார்ப்பதானால் முழு வற்றத்தில் போகாதீர்கள், பறவைகள் தொலைவில் புள்ளியாக இருக்கும். தண்ணீர் ஏற ஏறச் சேறு சுருங்கும், பூநாரைகள் அடி அடியாகக் கரைக்கு நெருங்கி வரும். ஏற்றத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் போய் உட்கார்ந்தால் அவையே உங்களிடம் வரும். தலையைக் கவிழ்த்து அலகை மேல்கீழாகப் போட்டுச் சலிப்பதைப் பாருங்கள். அந்த இளஞ்சிவப்பு அது தின்னும் பாசியிலிருந்து வருவது. குஞ்சுகள் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும்.

மரைன் டிரைவில் குளிர்காலத்தில் கடற்காகங்கள் வருவதை எல்லோரும் பார்க்கிறார்கள், காரச்சேவு எறிகிறார்கள். எறியாதீர்கள், அது அவற்றின் இரை இல்லை. அதற்குப் பதில் ஒரு வேலை கொடுங்கள். டிசம்பரில் கருந்தலைக் கடற்காகத்தின் தலையை வரைந்து வைக்கச் சொல்லுங்கள். வெள்ளைத் தலை, கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்பொட்டு மட்டும் இருக்கும். மார்ச்சில் போய் மறுபடி வரையட்டும். பொட்டு பரவித் தலை முழுக்கக் கருமை ஏறியிருக்கும். இனப்பெருக்கத்துக்கு வடக்கே கிளம்பத் தயார் என்று அர்த்தம்.

மீன் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன், அதை உங்கள் வீட்டு அடுப்படியே சொல்லும். நம் சாளை இங்கே தார்லி, அயிலை பாங்க்டா, வாவல் பாப்லெட். சென்னைக்காரர்கள் வஞ்சிரம் என்பதை நாம் சீலா என்போம், இவர்கள் சுர்மை என்பார்கள். சென்னாக்கூனிதான் ஜவளா. பிள்ளைகளை மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போய் இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை, இங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை அதே 61 நாள். ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு கரையும் சேர்ந்து ஓய்ந்திருக்கும். அந்த நாள்களில் மாவ்ஷி கூடையில் பம்பில், அதாவது பாம்பே டக் என்கிற மீனின் கருவாடுதான் இருக்கும். குளிர்காலத்தில் வெர்சோவாவிலோ மட் தீவிலோ மூங்கில் சட்டங்களில் ஜோடி ஜோடியாக வாயைக் கோத்து பம்பில் காயப் போட்டிருப்பதைப் போய்ப் பாருங்கள். சுட்ட பம்பிலைப் பழைய சோற்றுக்குக் கடித்தால் நம் நெத்திலிக் கருவாட்டுக்குக் குறைவில்லை. ஆவணி அவிட்டத்தன்று இங்கே நாரளி பௌர்ணமி. கோலிகள் கடலுக்குத் தேங்காய் விட்டுப் படகிறக்குவார்கள். மாகிமிலோ வொர்லியிலோ கோலிவாடாவுக்குப் போனால் உங்களையும் உட்கார வைத்துத் தேங்காய்ச் சோறு கொடுப்பார்கள்.

காற்றும் இங்கே உண்டு, பார்க்கத்தான் ஆளில்லை. பிப்ரவரி மார்ச்சில் உங்கள் பால்கனிக் கொடியில் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று காலை ஒன்பதுக்கும் பகல் ஒன்றுக்கும் பிள்ளைகள் குறித்து வைக்கட்டும். காலையில் கிழக்கிலிருந்து வரும் தரைக்காற்று, பிறகு அசைவில்லாத கொஞ்ச நேரம், அப்புறம் மேற்கிலிருந்து கடற்காற்று. அது பதினொரு மணிக்குள் வந்தால் அன்று பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு மணி வரை வராவிட்டால் அன்று ஊரே வெந்துவிடும். துணி தொங்கி நிற்கும் அந்த இடைவேளையில்தான் என் அம்மா சொன்னது எனக்கு நினைவு வரும். மழையைப் பற்றி உங்களுக்கே தெரியும். ஜூலை ஒரு மாதத்தில் இங்கே பெய்வது தூத்துக்குடியில் வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். இங்கே வந்த முதல் ஜூலையில் கூரையைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து வலித்தது.

ஒன்றை மறந்துவிட்டேன். நம் கரையில் மணல்மேல் படரும் அடும்புக் கொடி, ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூ, இரண்டாகப் பிளந்த இலை. சங்கப் புலவர் ஒருவர் அந்த இலையை மானின் காலடி என்றார். அது இந்தக் கரையிலும் உண்டு. மராத்தியில் மர்யாதா வேல் என்கிறார்கள். கடல் இதுவரை வரும், இதைத் தாண்டாது என்று எல்லை காட்டும் கொடி என்பது பொருள். வெர்சோவாவில் அஃப்ரோஸ் ஷா என்ற வழக்கறிஞர் 2015இல் ஆள் சேர்த்துக் குப்பை அள்ள ஆரம்பித்தார். 2018 மார்ச்சில் அந்த மணலிலிருந்து ஆமைக் குஞ்சுகள் பொரிந்து கடலுக்குப் போயின. நம்மூரில் பங்குனி ஆமை என்கிறோமே, அதுதான். மாதமும் பங்குனிதான். அந்தச் செய்தியை நான் வகுப்பில் வாசித்துக் காட்டியபோது எனக்குக் குரல் கம்மிவிட்டது.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். வருகிற பௌர்ணமி விடியலில் தொடங்குங்கள், மழைக்காலம் கழிந்தபின் எந்தப் பௌர்ணமியும் சரி. காரணம் இது. நம்மூரில் முழு நிலா சாயங்காலம் கடலிலிருந்து எழும், அதை அப்பா கட்டாயம் சொல்லியிருப்பார். மும்பைக் கடல் மேற்கே இருப்பதால் இங்கே முழு நிலா விடிகாலையில் கடலில் இறங்கும். திதிக் கணக்குப்படி அன்று ஏற்றம் பன்னிரண்டு மணிக்கு, எனவே வற்றம் ஆறு மணிக்கு. நிலா இறங்கும் நேரமும் கடல் விலகி மணல் திறந்து கிடக்கும் நேரமும் ஒன்றாக வரும். தண்ணீர் தங்கிய ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு நிலா இருக்கும்.

மாகிம் கரைக்கு வந்துவிடுங்கள். முதல் நாள் ராத்திரி மகளிடம் காலண்டரைக் கொடுத்து மணியைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். ஐந்தரைக்கு அங்கே இருந்தால் போதும், டார்ச் வேண்டாம். பழைய செருப்பும் கால் கழுவ ஒரு பாட்டில் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பத்து நிமிஷம் ஒன்றும் விளக்காதீர்கள். ஆறு, ஆறரை வாக்கில் நிலா வெளிறிப்போய் பாந்திரா-வொர்லி கடல் பாலத்துக்குப் பக்கத்தில் தாழ்ந்து வரும். அது மங்கும்போது பிள்ளைகளைப் பின்னால் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் தாராவிப் பக்கம் வானம் சிவந்திருக்கும்.